வீட்டில் மீன் டாக்கோவும் மாம்பழச் சல்சாவும்: முதல் தடவை செய்பவர்களுக்கு

மெல்லிய ரொட்டியில் மீனை வைத்து மடித்துச் சாப்பிடும் மெக்சிகோ பண்டமான மீன் டாக்கோ ஒன்றும் கஷ்டமான சமையல் இல்லை, ஆனால் வேலையின் வரிசை தப்பினால் மொத்தமும் சொதப்பிவிடும். பொரித்த மீனின் மொறுமொறுப்பு எண்ணெயிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குத்தான் முழுசாக இருக்கும், டோர்ட்டியா என்ற அந்த ரொட்டி ஆறிவிட்டால் மடிக்கும்போதே கிழியும், உப்புப் போட்ட பழச் சல்சா (பழம், வெங்காயம், மிளகாய் எல்லாம் பொடியாக நறுக்கிக் கலந்தது) நேரம் ஆக ஆகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் மற்ற எல்லாவற்றையும் தயாராக மேசையில் வைத்துவிட்டு, சாப்பிடுகிறவர்களையும் உட்கார வைத்துவிட்டு, மீனைக் கடைசியாக எண்ணெயில் போடுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எந்த டாக்கோ என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூப்பர்மார்க்கெட்டில் அட்டைப்பெட்டியில் வருமே, வளைத்துப் பொரித்த மொறுமொறு ஓடு, அது அமெரிக்க வழி. இங்கே பேசுவது மெக்சிகோவின் வடமேற்கு மூலையில் இருக்கிற பாஹா கலிஃபோர்னியா பக்கத்து டாக்கோ: மிருதுவான மக்காச்சோள டோர்ட்டியா, மாவில் தோய்த்துப் பொரித்த மீன், பச்சை முட்டைக்கோஸ், வெள்ளை க்ரீம், மேலே சல்சா, பிழிய எலுமிச்சை. பசிபிக் கரையில் இருக்கும் என்செனாடா, அந்தப் பக்கம் கலிஃபோர்னியா வளைகுடாக் கரையில் இருக்கும் சான் ஃபெலிப்பே, இரண்டு ஊர்க்காரர்களும் இது எங்கள் ஊர்ச் சரக்கு என்பார்கள். என்செனாடாவில் மெர்காதோ நெக்ரோ என்று அழைக்கப்படும் மீன் சந்தையைச் சுற்றி இந்த டாக்கோ கடைகள்தான். எல்லைக்கு அந்தப்புறம், அமெரிக்காவில், 1983-இல் ரால்ஃப் ரூபியோ என்பவர் சான் டியாகோவில் கடை திறந்து இதை விற்க ஆரம்பித்த பிறகு கலிஃபோர்னியா முழுக்கப் பரவியது.

இன்னொன்று. என்செனாடா தள்ளுவண்டியில் பெரும்பாலும் கிடைப்பது தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி போட்ட பிக்கோ டி கய்யோ சல்சாதான். மாம்பழம், அன்னாசி போட்ட சல்சா உணவகங்கள் வழியாக, முக்கியமாக எல்லைக்கு வடக்கே பிரபலமானது. ஆனாலும் ஒட்டாத சேர்க்கை என்று சொல்ல முடியாது. மெக்சிகோ தெருக்களில் மாம்பழத்தைச் சீவி உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு போட்டு விற்பது நம் மெரினா மாங்காய்ப் பத்தை மாதிரி சர்வ சாதாரணம். எண்ணெயில் பொரித்த மீனுக்கு அந்தப் புளிப்பும் இனிப்பும் காரமும் சேர்ந்து பக்கத்தில் இருந்தால் நாலாவது டாக்கோவும் திகட்டாது.

கீழே சொல்லும் அளவு 4 பேருக்கு, ஆளுக்கு 3 வீதம் 12 டாக்கோ.

டோர்ட்டியாவில் ஆரம்பிப்போம்

பலர் இதைச் சப்பாத்தி வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பார்கள். வயிறு நிறையும், ஆனால் கோதுமை மாவின் வாசனை மீனை அமுக்கிவிடும். மக்காச்சோள டோர்ட்டியா வேண்டுமென்றால் மாசா ஹரினா என்ற மாவு வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவு இது இல்லை, சூப்பைக் கெட்டிப்படுத்தப் போடும் வெள்ளைக் கார்ன்ஃப்ளார் சத்தியமாக இல்லை. மாசா ஹரினாவுக்கு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோல் கழன்ற பிறகு அரைத்துக் காயவைக்கிறார்கள். சுண்ணாம்பு சேர்வதால்தான் மாவுக்கு ஒட்டும் தன்மை வருகிறது. சாதாரண மக்காச்சோள மாவை எவ்வளவு பிசைந்தாலும் ஓரம் வெடித்து உதிரும். மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் சத்து உடம்பில் சேர்வதும் அந்தச் சுண்ணாம்பால்தான். இந்த முறையைக் கற்றுக்கொள்ளாமல் வெறும் மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோய் அதையே முக்கிய உணவாக்கிய ஐரோப்பியப் பகுதிகளில் பெலாக்ரா என்ற சத்துக்குறைவு நோய் வந்தது. மெக்சிகோ ஜனங்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக இப்படிச் சுண்ணாம்பு சேர்த்துத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மாசேகா போன்ற பிராண்டுகள் ஆன்லைனில் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் வீட்டில் கிரைண்டர் வைத்திருப்பவர்கள் அசலையே செய்து பார்க்கலாம். காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோ (ஸ்வீட் கார்ன் கூடாது), உணவுக்கு ஏற்ற நீற்றிய சுண்ணாம்பு 10 கிராம், நிறையத் தண்ணீர். தோல் கையில் வழுக்கிக்கொண்டு வரும் வரை மிதமாகக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் தேய்த்துக் கழுவி, முடிந்தவரை குறைந்த தண்ணீரில் கெட்டியாக அரைக்க வேண்டும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். முதல் தடவையே இதில் இறங்காமல் பாக்கெட் மாவில் கை பழகிக்கொள்வது நல்லது.

மாசா ஹரினா 2 கப், உப்பு கால் டீஸ்பூன், வெதுவெதுப்பைத் தாண்டி நல்ல சூடான தண்ணீர் ஒன்றரை கப். தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல் முக்கால்வாசி ஊற்றிப் பிசைந்து, பிறகு தேவைக்குச் சேருங்கள். பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு 20 நிமிடம் மூடி வையுங்கள், மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். அப்புறம் ஒரு சின்ன உருண்டை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, ஒரு ஸ்பூன் தெளித்துப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் கொஞ்சம் மாவு தூவுங்கள். இதில் கோதுமை மாவு மாதிரி இழுவைத்தன்மை கிடையாது என்பதால் எவ்வளவு பிசைந்தாலும் கெட்டுப்போகாது, தைரியமாகத் திருத்திக்கொள்ளலாம்.

இழுவை இல்லாததால் சப்பாத்திக் கட்டையில் போட்டுத் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு கிழியும். அழுத்தித்தான் தட்டையாக்க வேண்டும். மெக்சிகோவில் அதற்கென்று கருவி உண்டு, நமக்குப் பூரி பிரஸ் அச்சாக அதே வேலையைச் செய்யும். தட்டை தட்டும்போது வைப்பது போல வெட்டித் துடைத்த இரண்டு பிளாஸ்டிக் கவருக்கு நடுவே 35 முதல் 40 கிராம் உருண்டையை வைத்து, ஒரு தடவை அழுத்தி, அரைவட்டம் திருப்பி இன்னொரு தடவை அழுத்துங்கள். உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் மேலே, 12, 13 சென்டிமீட்டர் வந்தால் போதும். பிரஸ் இல்லையென்றால் அடி தட்டையான கனமான பாத்திரத்தை வைத்து அழுத்தலாம். மேல் கவரை உரித்து, உள்ளங்கையில் கவிழ்த்து, கீழ்க் கவரையும் உரித்து எடுங்கள். கவரை டோர்ட்டியாவிலிருந்து உரிக்க வேண்டும், டோர்ட்டியாவைக் கவரிலிருந்து உரிக்கப் போனால் கிழியும்.

எண்ணெய் தடவாத இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். போட்டு 20 விநாடியில் ஓரம் நிறம் மாறும், திருப்புங்கள். இந்தப் பக்கம் ஒரு நிமிடம் வேகட்டும், கீழே பழுப்புப் புள்ளிகள் தெரியும். மறுபடி திருப்பினால் நடுவில் உப்பும், உப்பாவிட்டால் துணியால் லேசாக அழுத்திக் கொடுங்கள். எடுத்தவுடன் துணி விரித்த ஹாட்பாக்ஸில் அடுக்கி மூடிவிடுங்கள். இது முக்கியம், ஏனென்றால் கல்லிலிருந்து எடுத்தவுடன் விறைப்பாகத் தெரியும் டோர்ட்டியா ஹாட்பாக்ஸின் ஆவியில் பத்து நிமிடம் இருந்த பிறகுதான் மடிக்கிற பதத்துக்கு வரும். இந்த மாவில் 15 வரை வரும்.

மாசா ஹரினாவும் இல்லை, கிரைண்டர் வேலையும் வேண்டாம் என்றால் மைதா டோர்ட்டியா. வடக்கு மெக்சிகோவில், முக்கியமாக சொனோரா பக்கம், அதுவும் தினசரிச் சாப்பாடுதான், எனவே போலி என்று யாரும் சொல்ல முடியாது. மைதா 2 கப், வெண்ணெய் 50 கிராம், உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் முக்கால் கப். அரை மணி ஊறவைத்து மெல்லிசாகத் தேய்த்துச் சுட்டு எடுங்கள்.

மாவு ஊறும் நேரத்தில் சல்சா

மாம்பழம் செங்காய்ப் பதத்தில் இருக்க வேண்டும். அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், வாசனை வந்திருக்க வேண்டும், ஆனால் வெட்டினால் துண்டு துண்டாக நிற்க வேண்டும். நன்றாகக் கனிந்த அல்போன்சாவை இதில் போட்டால் ஜாம் ஆகிவிடும், அதை அப்படியே சாப்பிடுங்கள். பங்கனப்பள்ளி நல்ல தேர்வு. கிளிமூக்கு இன்னும் நல்லது, புளிப்பு கூடவே வரும். மெக்சிகோவில் நார் இல்லாத சின்ன மஞ்சள் அதாவுல்ஃபோ மாம்பழம் பிரபலம். பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் 1565 முதல் 1815 வரை ஸ்பெயின்காரர்களின் கப்பல்கள் போய்வந்துகொண்டிருந்தன, ஆசியாவின் மாம்பழம் அந்த வழியில் அங்கே போய்ச் சேர, மெக்சிகோவின் மிளகாய் போர்ச்சுக்கீசியர் கைமாறி நம்மிடம் வந்தது. இந்தக் கிண்ணத்தில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கும்.

தோல் நீக்கி அரை அங்குலத்துக்கும் சின்னதாக, கடலைப்பருப்பை விடக் கொஞ்சம் பெரிதாக வெட்டிய மாம்பழம் ஒன்றரை கப். சிவப்பு வெங்காயம் பாதி, முடிந்தவரை பொடியாக நறுக்கி, பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்து எடுங்கள், நெடி குறையும். ஹாலப்பீனோ என்ற மெக்சிகோ மிளகாய் கிடைத்தால் ஒன்று, இல்லையென்றால் நம் பச்சை மிளகாய் ஒன்று, விதையை எடுத்துவிட்டு. ரொம்பக் காரமான அசல் ஹபனேரோ மிளகாய் கையில் கிடைத்தவர்கள் கால்வாசி போட்டால் போதும், வெட்டிய கையைக் கண்ணில் வைக்காதீர்கள். கொத்தமல்லி ஒரு கைப்பிடி, மென்மையான தண்டோடு சேர்த்து. எலுமிச்சை ஒன்று. மொறுமொறுப்புக்குக் கொஞ்சம் வெள்ளரிக்காய், விதைப் பகுதியை நீக்கிவிட்டு. எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஆனால் உப்பை இப்போது போடாதீர்கள். மீன் எண்ணெயில் இறங்கும்போது கால் டீஸ்பூன் உப்புப் போட்டுக் கிளறினால் போதும். ருசி பார்த்துப் புளிப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள், தனியாகச் சாப்பிடும்போது ஒரு இழை புளிப்பு தூக்கலாக இருந்தால்தான் க்ரீமோடும் மீனோடும் சேரும்போது சரியாக இருக்கும். சீரகத்தூள், சாட் மசாலா ஆசையெல்லாம் இன்றைக்கு வேண்டாம்.

மாம்பழ சீசன் இல்லையா, அன்னாசி எடுங்கள். வட்டமாக வெட்டி, காய்ந்த தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் கருகல் தட்டும் வரை சுட்டு, ஆறவைத்துப் பொடியாக வெட்டினால் மாம்பழத்தையே மறந்துவிடுவீர்கள். பப்பாளியும் ஆகும், பாதி பழுத்ததாக இருக்கட்டும். ஒரே எச்சரிக்கை, பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தைக் கரைக்கும் என்சைம் இருக்கிறது, ஆகவே அந்தச் சாற்றில் மீனை ஊறவைக்கக் கூடாது, கூழாகிவிடும். பரிமாறும்போது மேலே வைப்பதில் பிரச்சினை இல்லை.

முட்டைக்கோஸும் க்ரீமும் ஐந்து நிமிட வேலை. கால் முட்டைக்கோஸைக் கூர்மையான கத்தியால் நூல் நூலாகச் சீவி, ஐஸ் தண்ணீரில் போட்டு, நன்றாக வடித்துத் துணியில் ஒற்றி எடுங்கள். கோஸுக்குப் பதில் லெட்யூஸ் இலை வைத்தால் சூடான மீன் பட்டவுடன் வதங்கிவிடும், கோஸ் கடைசி வாய் வரை நறுக்கென்று நிற்கும். க்ரீமுக்கு மயோனைஸ் அரை கப், துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் அரை கப், எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, கரண்டியிலிருந்து கோடாக விழும் அளவுக்குக் கொஞ்சம் பால். அங்கே க்ரேமா என்ற புளித்த பாலாடையை மயோனைஸோடு கலப்பார்கள், தயிர் அந்த இடத்தை நன்றாகவே நிரப்பும். புகை வாசனை பிடிக்குமென்றால் ஹாலப்பீனோவைப் புகைபோட்டு உலர்த்திய சிப்போட்லே சேர்க்கலாம். கிடைக்காதவர்கள் இரண்டு காஷ்மீரி மிளகாயை நெருப்பில் லேசாகச் சுட்டு, ஊறவைத்து அரைத்துக் கலக்கலாம்.

கடைசியாக மீன்

வெள்ளைச் சதை, முள் குறைவு, வெந்தால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும், ஆனால் பொரிக்கும்போது உதிரக் கூடாது. கொடுவா முதல் தேர்வு. களவா, கடல் விரால், பாறை எல்லாம் ஆகும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் காட், ஹாலிபட், மாஹி மாஹி, திலாப்பியா. மத்தி, அயிலை எண்ணெய்ச் சத்து நிறைந்த மீன், குழம்புக்குத்தான் அவற்றின் அழகு. வஞ்சிரமும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த விலை கொடுத்து வாங்கியதை மாவுக்குள் ஒளித்து வைப்பானேன்.

கடையில் ஸ்லைஸ் போடச் சொல்லாதீர்கள். தோலையும் நடு முள்ளையும் எடுத்து ஃபில்லெட்டாகக் கேளுங்கள். 600 கிராம் சதை வேண்டுமானால் முழு மீன் குறைந்தது ஒன்றேகால் கிலோ வாங்க வேண்டிவரும். வீட்டில் விரலால் தடவிப் பார்த்து மிச்ச முள்ளைப் பிடுங்கிவிட்டு, கைவிரல் நீளத்துக்கு, இரண்டு விரல் அகலத்துக்கு 12 துண்டு போடுங்கள். டிஷ்யூ பேப்பரால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள், ஈரம் இருந்தால் மாவு வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும், எண்ணெயும் தெறிக்கும். உப்பு, மிளகுத்தூள் மட்டும் தூவுங்கள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது என்று கை தானாகப் போகும், பிடித்து நிறுத்துங்கள். அந்த மசாலா நம் மீன் வறுவலுக்குச் சரி, இங்கே பழ வாசனையோடு சண்டை போடும். எலுமிச்சையில் ஊறவைப்பதும் வேண்டாம், புளிப்பு பட்டுச் சதை முன்கூட்டியே வெளுத்து இறுகிவிடும்.

மைதா 1 கப், அரிசி மாவு 2 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், ஒரிகானோ அரை டீஸ்பூன், பாட்டிலில் வரும் மஞ்சள் கடுகு விழுது 1 டீஸ்பூன். கடுகும் ஒரிகானோவும்தான் பாஹா வாசனை, விட்டுவிடாதீர்கள். இதில் ஐஸ் மாதிரி குளிர்ந்த பீர் ஒரு கப் ஊற்றிக் கலக்க வேண்டும். பீரில் இருக்கும் வாயுக் குமிழிகள் மாவைப் பொங்கவைத்து லேசாக்கும், ஆல்கஹால் தண்ணீரை விடச் சீக்கிரம் ஆவியாகிப் போவதால் மேல்பக்கம் சீக்கிரம் மொறுமொறுப்பாகும். பீர் வீட்டுக்குள் வராத குடும்பம் என்றால் நன்றாகக் குளிர்ந்த வெறும் சோடா போதும், நன்றாகவே வரும். ரொம்பக் கலக்காதீர்கள், சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கட்டும். கலக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் வாயு போய்விடும், எண்ணெய் காய்ந்த பிறகே பீரை ஊற்றுங்கள். துண்டைத் தோய்த்துத் தூக்கினால் மாவு மெல்லிய போர்வையாக ஒட்டிக்கொண்டு, மிச்சம் மெதுவாக வழிய வேண்டும்.

கடலை எண்ணெய் அல்லது ரீஃபைண்ட் எண்ணெய், வாணலியில் இரண்டு அங்குல ஆழம். 180 முதல் 190 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஒரு சொட்டு மாவு விட்டுப் பாருங்கள், மூழ்கிய கையோடு மேலே வந்து சுறுசுறுவென்று நுரைக்க வேண்டும். அடியிலேயே தங்கினால் சூடு போதாது, விழுந்தவுடன் கறுத்தால் அதிகம். துண்டைக் காய்ந்த மைதாவில் புரட்டி, தட்டி உதறி, கரைசலில் தோய்த்து, ஒரு நுனியைப் பிடித்தபடி முக்கால்வாசியை எண்ணெயில் சில விநாடி ஆடவிட்டு, பிறகு கையை விடுங்கள், அப்போதுதான் அடியில் போய் ஒட்டாது. ஒரு தடவைக்கு நான்கு துண்டுக்கு மேல் வேண்டாம், எண்ணெயின் சூடு இறங்கிவிடும். மூன்று நான்கு நிமிடத்தில் பொன்னிறம் வந்து, சலசலப்புச் சத்தம் அடங்க ஆரம்பிக்கும், அதுதான் எடுக்கும் நேரம். கம்பி வலைத்தட்டில் வையுங்கள். பேப்பரில் குவித்து வைத்தால் அடிப்பக்கம் ஆவியில் ஊறிவிடும், மூடி போட்டால் கதை முடிந்தது.

பொரிக்கவே வேண்டாம் என்பவர்கள் அதே துண்டுகளில் எண்ணெய், பூண்டு, சீரகத்தூள், மிளகாய்த்தூள், உப்பு தடவிக் காய்ந்த கல்லில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் சுட்டுப் போடலாம். பழச் சல்சா அதற்கும் பொருந்தும், ஆனால் அது வேறு டாக்கோ.

தட்டில் வைக்கும்போது டோர்ட்டியா, அதன்மேல் மீன், மீனின்மேல் கோஸ், குறுக்கே க்ரீம் ஒரு கோடு, கடைசியில் சல்சா ஒரு ஸ்பூன். சல்சாவை ஓட்டைக் கரண்டியால் எடுங்கள், தண்ணீர் கிண்ணத்திலேயே இருக்கட்டும். மீனுக்கு அடியில் சல்சா போடுகிறவர்களுக்கு அரை நிமிடத்தில் டோர்ட்டியா நனைந்து கையோடு வரும். மெல்லிசாக வந்துவிட்டால் இரண்டு டோர்ட்டியாவாக அடுக்கிக்கொள்ளலாம், தெருக் கடைகளிலும் அப்படிக் கொடுப்பார்கள். எலுமிச்சையை அவரவர் பிழிந்துகொள்ளட்டும். மடித்துப் பிடித்து, டாக்கோவை நேராக வைத்துத் தலையைச் சாய்த்துக் கடிக்க வேண்டும், டாக்கோவைச் சாய்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் மடியில்.

மிச்சம் என்ன செய்வது? மாவுக் கரைசலைக் கொட்டிவிடுங்கள், வைத்திருந்து பயனில்லை. பொரித்த மீனை ஏர் ஃப்ரையரில் சூடு செய்தால் ஓரளவு மீளும், மைக்ரோவேவில் ரப்பராகும். பிசைந்த மாசாவை இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளும் ஓடும், கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டியிருக்கும். சுட்டு மிஞ்சிய டோர்ட்டியாவை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். முக்கோணமாக வெட்டி, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, மீன் பொரித்த எண்ணெயை வடிகட்டி அதிலேயே பொரித்து உப்புத் தூவினால் சிப்ஸ் ஆகிவிடும், கிண்ணத்தில் மிஞ்சிய சல்சாவை அதனால் வழித்துச் சாப்பிடலாம்.